கசட்டைக் காத்த அறிஞர்

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குச் செல்லும் பெருவழியில், நகரை அடுத்து, வேங்கிக்கால் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில் ஓர் ஏரி உண்டு. கார்காலத்து மழைநீர் ஓடைகளின் வழியே வந்து இத்தகைய ஏரிகளில் நிரம்பும்பொழுது, சருகும் சாணமும் மக்கிய புல்லும் அதனுடன் கலந்தே வருகின்றன. நீரில் வாழும் மீனும் நண்டும் தவளையும் அங்கேயே இறந்துபடுகின்றன. ஆண்டுதோறும் இவ்வளவு அழுக்குச் சேர்ந்தும், ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் தீண்டாத ஏரியின் நீர் சில நாட்களில் தெளிந்துவிடுகின்றது. அதனைத் தெளிவிப்பவர் எவரும் கரையில் நிற்கக் காணோம். தெளிவிக்கும் தொழிலாளர் நீருக்குள்ளேயே இருக்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே அவர்கள். ஏரி நீரின் ஒரு சொட்டில் பல்லாயிரம் நுண்ணுயிர்கள் உண்டு. அழுக்கு அவற்றிற்கு உணவு. நீரில் கரைந்துள்ள பிராணவாயு அவற்றிற்கு மூச்சு.

இந்தத் தொழிலாளரின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். அழுக்கு அளவுக்கு மிஞ்சி வந்து சேருமானால், நுண்ணுயிர்கள் அதனை உண்ணும் முயற்சியில் அந்தச் சிறு இருப்பையும் தீர்த்துவிடும். பின்னர் மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். நீர் கறுத்து நாற்றமெடுக்கும். வருவது ஊர்ச் சாக்கடையாக மட்டும் இல்லாமல் சாயத் தொழிலின் கழிவாகவும் இருப்பின் இன்னல் இரட்டிக்கும். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியிலே பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவரைப் பார்த்தவர் அறிவர்: கொதிக்கும் தொட்டியிலிட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறிவிடுவதில்லை, எஞ்சியது நீரோடு போகின்றது. சாயம் கலந்த நீர் கதிரவன் ஒளியைத் தடுத்துவிடுவதால் நீர்ப்பாசிகள் வாடுகின்றன. பாசி வாடினால் அது வெளிவிடும் பிராணவாயுவும் குறைகின்றது.

நுண்ணுயிரின் இத்தொழிலை ஏரியினின்று பிரித்தெடுத்துத் தொட்டிக்குள் அடக்கி, மனிதன் விரும்பிய இடத்தில், விரும்பிய விரைவில் நடத்துமாறு செய்த அறிஞர்களுள் தலையாயவர் கில்பர்ட் ஜான் பௌலர் ஆவர். இங்கிலாந்திலே புகழ் பெற்று, பின்னர் இந்திய நாட்டிற்கு வந்து, பெங்களூரில் பேராசிரியராக அமர்ந்து தொண்டு புரிந்தவர் அவர்.

பௌலர் 1868-ஆம் ஆண்டில் பிறந்தார். மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியில் வேதியியல் பயின்று, அங்கேயே ஆசிரியத் தொழிலும் மேற்கொண்டார். இளமையில் அவருடைய ஆராய்ச்சி சாக்கடையைப் பற்றியதன்று. இரும்பும் நைட்ரஜனும் கூடி உண்டாகும் ஒரு பொருளைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1901-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலோகத் துறையினர் அதனை நெடுங்காலம் எடுத்தாண்டனர். இத்தகைய தூய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஒருவர் நகரத்தின் கழிவுநீரை நோக்கித் திரும்பியதற்குக் காரணம் அவர் வாழ்ந்த ஊரே எனலாம்.

மான்செஸ்டர் அந்நாளில் உலகின் பருத்தித் தலைநகராக விளங்கியது. இந்தியாவிலும் எகிப்திலும் அமெரிக்காவிலும் விளைந்த பஞ்சு அங்கே நூலாகி, ஆடையாகி, வெளுக்கப்பெற்று, சாயம் ஏற்றப்பெற்று, மீண்டும் கப்பலேறியது. 1856-ஆம் ஆண்டில் பதினெட்டே வயதுடைய வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்ற அவருக்குக் கிடைத்தது ஊதா நிறச் சாயம். அதன் பின்னர் ஆண்டுக்கொரு புதுச் சாயம் பிறந்தது. 1865-ஆம் ஆண்டில் ஐவன் லெவின்ஸ்டைன் என்பவர் மான்செஸ்டரை அடுத்த பிளாக்லி என்னுமிடத்தில், அர்க் ஆற்றின் பள்ளத்தாக்கில், சாயத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அர்க், மெட்லாக், அர்வெல் ஆகிய மூன்று சிற்றாறுகள் அந்நகரிலே கூடுகின்றன. சாயப்பட்டறைகளும் வெளுப்பாலைகளும் காகித ஆலைகளும் தோல் பதனிடும் கூடங்களும் தத்தம் கழிவை அவ்வாறுகளிலேயே கொட்டின. ஆற்றின் நிறத்தைக் கண்டு அன்று எந்தச் சாயம் காய்ச்சப்படுகின்றது என்று கூறிவிடலாம் என்னும் நிலை இருந்தது. மீன் என்பது அந்நீரில் பழங்கதையாயிற்று.

1894-ஆம் ஆண்டில், கடலிலிருந்து மான்செஸ்டர் வரை 36 மைல் நீளமுள்ள கப்பற் கால்வாய் திறக்கப்பெற்றது. நகரத்துக்கு அது பெருமை. ஆயினும் அதனால் ஒரு புதிய துன்பமும் விளைந்தது. முன்னர் ஓடிக்கொண்டிருந்த அழுக்கு நீர் கால்வாயில் ஏறத்தாழத் தேங்கி நின்றது, நாற்றம் பொறுக்கவொண்ணாததாயிற்று. நகராண்மைக் கழகத்தார் டேவிஹூம் என்னுமிடத்தில் கழிவுநீர் நிலையம் ஒன்றை அமைத்தனர். அந்நிலையத்தின் பொறுப்பே பௌலரிடம் வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் கழிவுநீரைத் தூய்மை செய்யும் வழிகள் சிலவே. சுண்ணாம்பு முதலிய இரசாயனப் பொருள்களைக் கலந்து அழுக்கைப் படியச் செய்வது ஒன்று. இம்முறையில் நீர் சற்றே தெளிந்ததாயினும், மலைபோற் குவியும் சேற்றை என் செய்வது என்னும் கேள்விக்கு விடையில்லை. கப்பலில் ஏற்றிக் கடலிற் கொட்டினர். மற்றொரு வழி, கருங்கல் துண்டுகளையும் கரியுருளைகளையும் பரப்பிய படுகைகளில் நீரை நிரப்பி, சில மணி நேரம் நிறுத்தி, வடித்துவிடுவது. கற்களின்மேல் வழுவழுப்பான ஓர் ஏடு படரும். அவ்வேட்டில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். இம்முறை நன்றே வேலை செய்தது. ஆனால் இடம் வேண்டுமே! மான்செஸ்டர் போன்ற மாநகருக்கு ஏக்கர் ஏக்கராகப் படுகைகள் தேவைப்பட்டன. அவையும் சில ஆண்டுகளில் அடைத்துக்கொண்டன.

கற்களை விட்டுவிட்டு நீருக்குள்ளேயே காற்றைச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் பலருக்கும் தோன்றியது. பௌலரும் 1897-ஆம் ஆண்டளவில் அதனை முயன்று பார்த்தார். காற்றூட்டிய கழிவுநீர் தெளிந்தது. அடியில் விரைவாகப் படியும் துகள்களும் தோன்றின. ஆயினும் அம்முயற்சி தோல்வியெனவே கருதப்பட்டது. ஏனெனில் அழுக்கு முழுவதும் கரைந்து மறையவேண்டும் என்பதே அந்நாளைய நோக்கம். அடியிற் படிந்த கசடு வேண்டாத பொருள். அதனை எறிந்துவிட்டு மறுமுறை புதிதாகத் தொடங்குவதே வழக்கம். கழிவுநீர் ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் அனைவரும் செய்துவந்தது இதுவே. எறியப்பட்ட அக்கசட்டிலேதான் விடை இருந்தது என்பதனை அறியப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

இதற்கிடையில் பௌலர் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் வேதியியலைக் கற்பித்து வந்தார். அத்துறைக்கு ஒரு முன்னுரை நூலையும் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் நியூயார்க் நகரத்தார் தங்கள் துறைமுக நீர் கெட்டுவருவது பற்றி ஆலோசனை கேட்டு அவரை அழைத்தனர். அப்பயணத்தின்பொழுது அவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்றார். மெரிமாக் ஆற்றின் கரையில் அமைந்த லாரன்ஸும் ஓர் ஆலை நகரமே. அங்கே கிளார்க், கேஜ் என்னும் இரு ஆய்வாளர் கழிவுநீரைக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பிக் காற்றூட்டிக்கொண்டிருந்தனர். புட்டிகளின் உட்புறத்தில் பசும்பாசி படர்ந்திருந்தது. நீர் வியக்கத்தக்க வகையில் தெளிந்திருந்தது. பௌலர் அதனை நெடுநேரம் நோக்கினார் என்று கொள்வதில் பிழையில்லை. ஏனெனில் மான்செஸ்டருக்குத் திரும்பியதும் அவர் முதலில் செய்த காரியம், டேவிஹூம் நிலையத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவரிடம் தாம் கண்டதைக் கூறி, அச்சோதனையை மேற்கொண்டு நடத்துமாறு பணித்ததே.

பௌலரின் சொந்த நம்பிக்கை அப்பொழுது வேறு திசையிலும் சென்றுகொண்டிருந்தது. அவரும் மம்போர்ட் என்னும் ஆய்வாளரும் நிலக்கரிச் சுரங்கத்து நீரில் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தனர். அதற்கு எம்-7 என்று பெயரிட்டனர். அது நீரிலுள்ள இரும்பைப் பற்றிப் படியவைக்கும் இயல்புடையது. கழிவுநீரில் சிறிது இரும்பு உப்பையும் இந்நுண்ணுயிரையும் இட்டுச் சில மணி நேரம் காற்றூட்டினால், அழுக்கு திரண்டு அடியில் இறங்கிற்று, மேல்நீர் தெளிந்தது. 1913-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானபொழுது அறிஞர் பலர் மகிழ்ந்தனர். ஆற்றல் மிக்க ஒரு நுண்ணுயிரைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, நகரத்து அழுக்கையெல்லாம் அதனிடம் ஒப்படைத்துவிடலாம் என்னும் எண்ணம் எவரையும் கவரக்கூடியதே.

ஆர்டனும் லாக்கெட்டும் செய்த சோதனை எளிமையிலும் எளிமை வாய்ந்தது. ஒரு புட்டியில் கழிவுநீரை நிரப்பி, இடையறாது காற்றைச் செலுத்தினர். அதிலுள்ள அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஐந்து வாரங்கள் ஆயின. ஐந்து வாரம் என்பது பயனற்ற கணக்கு. ஒரு நகரத்தின் கழிவுநீரை ஐந்து வாரம் தேக்கிவைக்க எவரால் இயலும்? இங்கேதான் அவ்விருவரும் பிறர் செய்யாத ஒன்றைச் செய்தனர். தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த பழுப்பு நிறக் கசட்டைப் புட்டியிலேயே விட்டுவைத்தனர். அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றூட்டினர். இம்முறை வேலை விரைவாக முடிந்தது. மறுபடியும் நீரை இறுத்தனர், கசட்டைக் காத்தனர், புதுக் கழிவை ஊற்றினர். ஒவ்வொரு முறையும் கசடு பெருகிற்று, காலம் குறைந்தது. ஐந்து வாரம் எடுத்த வேலை, கசடு போதிய அளவு திரண்டபின், இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் முடியலாயிற்று. பாசியினால் இந்த விளைவு ஏற்படுகின்றதோ என்னும் ஐயத்தை நீக்கப் புட்டிகளைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றி ஒளி புகாமல் மறைத்தனர். ஒளியில்லாதபொழுதும் நீர் தெளிந்தது. ஆகவே லாரன்ஸில் கண்ட பசும்பாசி இன்றியமையாததன்று; வேலை செய்வது கசட்டில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே என்பது உறுதியாயிற்று.

1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்துப் பெரிய விடுதியொன்றில் இரசாயனத் தொழிற் சங்கத்தாரின் கூட்டம் நடைபெற்றது. அங்கே ஆர்டனும் லாக்கெட்டும் தம் முடிவுகளை எடுத்துரைத்தனர். அக்கசட்டிற்கு ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்று பெயரிட்டனர். உயிர்ப்பூட்டிய கசடு என அதனைத் தமிழிற் கூறலாம். அக்கட்டுரையின் ஆசிரியர் பெயர்களில் பௌலரின் பெயர் இல்லை. சோதனைக்குத் தூண்டுகோலாக இருந்தவர் அவரே என்பதனை அவ்விருவரும் மறவாது குறிப்பிட்டனர். தலைவர் தம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும் வழக்கம் அறிவியல் உலகில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பௌலர் அதனைச் செய்யவில்லை. தாம் பெருமையுடன் வெளியிட்ட எம்-7 முறையைத் தம் மாணாக்கரின் புட்டிகள் பின்னுக்குத் தள்ளியதைக் கண்டும் அவர் புதிய முறையையே உலகெங்கும் எடுத்துச் சென்று பரப்பினார்.

எம்-7 ஏன் பின்தங்கியது என்பது ஆராயத்தக்கது. ஒரு நகரத்தின் கழிவுநீரில் இருப்பது ஒரே வகை அழுக்கன்று. சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் சவர்க்காரமும் சிறுநீரும் சாயமும் அதில் உள்ளன. ஒரே நுண்ணுயிர் இவை அனைத்தையும் உண்ணவல்லதன்று. மேலும், திறந்த தொட்டியில் ஒன்றை மட்டும் தனித்து வளர்க்க இயலாது. காற்றோடும் நீரோடும் பிற உயிர்கள் வந்து குடியேறிவிடும். கசடு என்பதோ ஓர் ஊரைப் போன்றது. அங்கே ஒருவகை நுண்ணுயிர் மாவுப்பொருளைச் சிதைக்கும். மற்றொருவகை அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். ஒன்று விட்ட எச்சம் மற்றொன்றுக்கு விருந்து. அவ்வூரில் எவரெவர் தங்குவது என்பதைத் தொட்டிக்கு வரும் அழுக்கே தீர்மானிக்கின்றது. கசட்டைக் காப்பது என்றால் அந்த அழுக்கிற்குப் பழகிய குடிமக்களைக் காப்பது என்று பொருள்.

1916-ஆம் ஆண்டில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பௌலர் இந்தியாவுக்கு வந்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையாலும் மைசூர் அரசர் அளித்த நிலத்தாலும் 1909-ஆம் ஆண்டில் தோன்றிய பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவர் பயன்முறை வேதியியற் பேராசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. தம் நாட்டில் பெயரும் பதவியும் நிலைத்திருந்த வேளையில், தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒரு கழகத்திற்கு வந்து சேர்வது எளிய துணிவன்று.

பெங்களூரில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் பலவகைப்பட்டன. இலுப்பைப் பூ அவற்றுள் ஒன்று. ஆலையில்லாத ஊருக்கு அதுவே சர்க்கரை என்று நம்மவர் கூறும் அப்பூவை நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்து அசிட்டோன் எடுக்கலாமா என்று அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். அசிட்டோன், கார்டைட் என்னும் வெடிமருந்து செய்யத் தேவைப்படும் பொருள். நீலகிரியில் உள்ள அரவங்காட்டில் அவ்வெடிமருந்துத் தொழிற்சாலை அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்பட்டிருந்தது. போர் முடிந்ததும் அத்தேவை குறைந்தது. பௌலரின் கருத்து மீண்டும் கசட்டின்பால் சென்றது. 1921-ஆம் ஆண்டளவில் அக்கழகத்தில் உயிர்வேதியியலுக்கெனத் தனித்துறை உருவானபொழுது அதன் முதற்பேராசிரியராக அவரே விளங்கினார்.

இந்திய நாட்டில் அவர் கண்ட குறை வேறு. இங்கிலாந்தில் கசட்டை எங்கே எறிவது என்பது கவலை. இங்கோ வயல்கள் எருவின்றி இளைத்திருந்தன. நிலத்திலிருந்து பயிர் எடுத்த நைட்ரஜன், உணவாக மனிதரிடம் சென்று, கழிவாக ஆற்றிற் கலந்து, கடலுக்குப் போய்விடுகின்றது. அதனை நிலத்திற்கே மீட்டுத் தரவேண்டும் என்பது பௌலரின் உறுதியான கொள்கை. தெருக் குப்பையையும் தழையையும் வைக்கோலையும் கசட்டின் உதவியால் விரைவில் மக்கச் செய்து எருவாக்கும் முறையொன்றை அவர் பெங்களூரில் உருவாக்கினார். பின்னாளில் இந்தூர் எருமுறையால் புகழ் பெற்ற ஆல்பர்ட் ஹோவர்ட் பெங்களூர் முறையைத் தம் நூலில் ஆராய்ந்துள்ளார். நைட்ரஜனைக் காத்தல் பற்றிப் பௌலர் எழுதிய நூல் 1934-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1924-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பதவியினின்று விலகிய பின்னர், கான்பூரில் உள்ள ஹார்க்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல்வராகச் சில காலம் பணியாற்றினார். 1953-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

பெங்களூரில் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. அத்துறையைப் பின்னர் ஏற்று நடத்திய வி. சுப்பிரமணியம் அவர்களும் எஸ். சி. பிள்ளை அவர்களும் கசட்டின் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தனர். பாக்டீரியாக்களுக்கிடையே மணியின் வடிவமும் மெல்லிய காம்பும் உடைய ஒரு செல் உயிர்கள் கூட்டங்கூட்டமாக நிற்பதைக் கண்டனர். அதற்குமுன் பலர் அவற்றை வெறும் விருந்தாளிகள் என்று எண்ணியிருந்தனர். அவ்வுயிர்கள் நீரைத் தெளிவிப்பதில் பெரும்பங்கு கொள்கின்றன என்று இவ்விருவரும் காட்டிய செய்தி 1942-ஆம் ஆண்டில் இலண்டன் நேச்சர் இதழில் வெளியாயிற்று. மான்செஸ்டரில் தொடங்கிய கலைக்குப் பெங்களூர் அளித்த சீர் அது.

பௌலரின் இளமைக் காலத்து மான்செஸ்டரைப் போலவே, தமிழ்நாட்டிலும் ஆறு நிறம் மாறிய காலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பூர் நகரம் பின்னலாடைத் தொழிலில் ஓங்கி வளர்ந்தது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றின் நீர் நொய்யலாற்றில் இறங்கிற்று. பாசனத்திற்காக ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அணை, சாயநீரைத் தேக்கும் குட்டையாயிற்று. அணை நீரை நம்பியிருந்த உழவர்கள் அணையே வேண்டாம் என்று கூறும் நிலைக்கு ஆளாயினர். அவர்கள் நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு நெடிது நடந்தது. கழிவுநீரில் ஒரு துளியும் வெளிவிடாத முறையை மேற்கொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு பக்கம் உழவரின் கிணறு. மறுபக்கம் பல்லாயிரம் தொழிலாளரின் கூலி. இரண்டையும் காப்பதற்கு ஒரே வழி நீரைத் தூய்மை செய்து திரும்பப் பயன்படுத்துவதே. அதற்கென அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்டனும் லாக்கெட்டும் காத்த கசட்டின் வழிவந்த முறையே ஒரு முக்கியப் படியாக இடம்பெற்றது.

ஆயினும் சாயம் எளிதில் மசியும் எதிரியன்று. சோப்பிலும் வெயிலிலும் வெளுக்காதவாறு மனிதன் முயன்று ஆக்கிய பொருள் அது. ஆடையில் நாம் போற்றும் அந்த உறுதியே ஆற்றில் பகையாகின்றது. துணித் தொழிலில் வழங்கும் சாயங்களுள் பாதிக்குமேல் அசோ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. நிறத்திற்கு அப்பிணைப்பே மூலம். காற்றூட்டிய தொட்டியில் இப்பிணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. சாயத்தில் ஒரு பகுதி கசட்டில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சியது நிறங்குன்றாமல் வெளியே போகும். ஆனால் காற்றில்லாத தொட்டியில் நிலைமை மாறுகின்றது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் உணவைச் சிதைக்கும்பொழுது எஞ்சும் எலக்ட்ரான்களைச் சுமத்துவதற்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. ஆகவே அவற்றைச் சாயத்தின் நைட்ரஜன் பிணைப்பின்மேல் ஏற்றிவிடுகின்றன. பிணைப்பு அறுகின்றது, நிறம் மறைகின்றது.

தமிழ்நாட்டுச் சாயக்காரருக்கு இதனை ஒத்த வேலை நெடுங்காலமாகவே கைவந்திருந்தது. தென்னார்க்காட்டுப் பகுதியில் அவுரி பயிரிட்ட நாட்களில், நீலச் சாயத்தைத் தாழியிலிட்டு, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்து, நொதிக்க விடுவார்கள். தாழிக்குள் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தீர்த்து நீலத்தின் நிறத்தைப் போக்கிவிடும். அந்நிலையில்தான் நீலம் கரைந்து நூலில் ஏறும். வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்தியதும் நீலம் மீளும். நீலத் தாழியில் மறைந்த நிறம் திரும்பி வருகின்றது. அசோ சாயத்திலோ மூலப் பிணைப்பே அறுபடுவதால் நிறம் திரும்புவதில்லை.

நிறம் போனதுடன் வேலை முடிந்ததாகக் கருதுவது பெரும்பிழை. அசோ சாயம் இரண்டாகப் பிளந்தால் அமீன்கள் என்னும் நிறமற்ற பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுள் சில சாயத்தைவிடக் கொடியவை. புற்றுநோய் விளைவிப்பனவும் உண்டு. கண்ணுக்குத் தெளிந்து தோன்றும் நீரே அப்பொழுது அஞ்சத்தக்கது. இந்த அமீன்களைச் சிதைக்க வேண்டுமாயின் காற்று வேண்டும். ஆகவே நீர் முதலில் காற்றில்லாத தொட்டியிலும், பின்னர் காற்றூட்டிய கசட்டுத் தொட்டியிலும் செல்லவேண்டியதாகின்றது. முதலாவதில் ஒரு கூட்டம் பிளக்கும். இரண்டாவதில் மற்றொரு கூட்டம் உண்ணும். சாயத்தை உண்ணும் பாக்டீரியாக்களையும், மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளையும் ஆய்வுக்கூடங்களில் தனித்தனியே பிரித்தெடுத்து வளர்ப்பவர் இன்று பலர். கண்ணாடிக் குடுவையில் அவை அரிய வேலை செய்கின்றன. திறந்த தொட்டிக்கு வந்ததும் அவற்றுட் பல, எம்-7 போலவே, உள்ளூர்க் கூட்டத்திடம் தோற்று மறைகின்றன.

நுண்ணுயிரால் ஆகாத ஒன்றும் உண்டு. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் உப்பை ஏராளமாகக் கலக்கின்றனர். எந்த நுண்ணுயிரும் அவ்வுப்பைச் சிதைத்து இல்லாமல் ஆக்காது. திருப்பூர் நிலையங்களில் கசட்டுத் தொட்டியைக் கடந்த நீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கின்றனர். எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கின்றனர். இதற்குச் செலவாகும் எரிபொருளும் மின்சாரமும் மிகுதி. மீட்ட உப்பில் ஒரு பகுதி மறுபடியும் சாயத் தொட்டிக்குச் செல்கின்றது. பலவகை உப்புகள் கலந்துவிட்ட பகுதியோ எதற்கும் உதவாமல் கிடங்குகளில் குவிகின்றது. அக்குவியலை என் செய்வது என்பது இன்னும் தீராத வினா.

சவ்விற்கு முன்னுள்ள கசட்டுத் தொட்டி நலமாக இருந்தால்தான் பின்னுள்ளவை நிலைக்கும். ஆகவே அங்கே பணிபுரிவோர் தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் முகந்து, அரைமணி நேரம் அசையாமல் வைக்கின்றனர். பழுப்புக் கசடு மெல்ல இறங்குகின்றது. அது எந்தக் கோடு வரை இறங்கியது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அன்று எவ்வளவு கசட்டை மீண்டும் காற்றூட்டிய தொட்டிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கின்றனர்.